சுரக்குடிக்கு ஆடியவர்

என் கொழுந்தனார் கத்தினால் வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டோம். கத்திவிட்டால் கோபம் அத்தோடு போயிற்று என்று அர்த்தம். கத்தாமல், "இருக்கட்டும்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார் என்றால்தான் பயப்பட வேண்டும். யாருக்கோ நேரம் குறித்தாயிற்று. அந்த நேரம் ஒரு வாரத்திலும் வரும், ஒரு வருடம் கழித்தும் வரும். வராமல் மட்டும் இருக்காது.

நான் குரும்பகரத்துக்கு மருமகளாக வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். கடைத்தெரு சலூனில் கொழுந்தனாருக்கு ஒரு கன்னம் சவரம் முடிந்திருக்கிறது. அந்த நேரம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பெரிய மனுஷர் ஒருவர் வந்திருக்கிறார். சலூன்காரர் இவரை அப்படியே விட்டுவிட்டு அவரைக் கவனிக்கப் போய்விட்டார். இவர் சண்டை போடவில்லை. சோப்பு நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ஒரு பக்கம் மழமழவென்று, இன்னொரு பக்கம் நாலு நாள் தாடி. அந்த முகத்தோடு பஸ் ஏறிக் காரைக்கால் போய், மார்க்கெட்டைச் சுற்றி, திரும்பி வந்து, நெடுங்காட்டுக்கும் ஒரு நடை போனார். கேட்டவர்களிடமெல்லாம் சலூனுக்கு வழி சொல்லி, "நல்லா செய்வாரு, போங்க" என்றார். சாயங்காலம் சலூன்காரர் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்று கும்பிட்டார். "நாளைக்கு வாங்க. இன்னும் திருநள்ளாறு பக்கம் போவல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்படி ஒரு மனுஷரோடு இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவள் நான்.

கல்யாணம் அவர் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "மாப்ளை பந்து வெளையாடுவாராமே" என்று சிரித்தாராம். இருக்கட்டும் என்று எழுந்து வந்தவர், அதற்கப்புறம் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. இதில் யாரைப் பழிவாங்கினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்து பிள்ளைகுட்டியோடு இருந்தாள்.

பந்து என்றால் அவருக்கு உயிர். எங்கள் பக்கம் சம்பா அறுப்பு முடிகிற சமயத்தில் வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள். அறுத்து முடித்ததும், மிச்சம் நிற்கிற நெல் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். எல்லோர் வயலும் பச்சையாக இருக்கும்போது, பாகத்தில் இவருக்கு வந்த தெற்குவெளி வயல் மட்டும் காய்ந்து கிடக்கும். அதில் அவர் உளுந்து தெளிக்க விடமாட்டார். அதுதான் ஊர் டீமுக்கு மைதானம். மாசியில் ஆட ஆரம்பித்தால், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை ஆட்டம்தான். காரைக்காலில் கிளார்க்காக இருந்த என் வீட்டுக்காரர் வருடா வருடம் முணுமுணுப்பார். "ஒரு போகம் உளுந்து போச்சு" என்பார். தம்பி காதில் விழாது.

அந்த மைதானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மாசியில் ஒரு காலை, ஆடப்போகிறவர்கள் எல்லோரும் அருவாளோடு வந்து தாளைத் தரையோடு தரையாக அறுக்க வேண்டும். வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்குத் தாள் குத்திக் கிழிக்கும் அல்லவா? அன்றைக்கு வந்து அறுத்தவன் அந்த வருடம் அந்த ஊர் டீம். அறுக்காதவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வரப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். சுரக்குடியிலும் இதே சட்டம்தான். சுரக்குடி எங்களுக்குப் பரம்பரை எதிரி. சீசனின் கடைசி ஆட்டம் அவர்களோடுதான், ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. மற்ற ஆட்டமெல்லாம் தோற்றாலும் பரவாயில்லை, அதில் தோற்றால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க சுரக்குடிக்காரர்கள் நடமாடுகிற திருநள்ளாறு பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

இதற்குள் வெளிநாட்டு ஃபுட்பால் எப்படி நுழைந்தது என்றால், என் வழியாகத்தான் என்று கொழுந்தனார் சாகும்வரை சொன்னார். என் அண்ணன் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தான். எழுபதுகளின் கடைசியில், லீவில் வரும்போதெல்லாம் விளையாட்டுப் பத்திரிகைகள் கொண்டு வருவான். எழுத்து ஒருவருக்கும் புரியாது, கலர் படங்களைப் பார்ப்போம். இவரும் புரட்டிப் பார்த்தார். "பச்சைப் பாய் விரிச்சி வச்சிருக்கான். இதுல விழுந்தா எவனுக்கு அடிபடும்? இதுக்கு எதுக்கு ஆம்பள?" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தார். பத்திரிகைகள் பரணில் ஏறின, கரையான் தின்றது. அத்தோடு போயிருக்க வேண்டியது.

எண்பத்தைந்தில் அதே அண்ணன் எங்களுக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்தான். கறுப்பு வெள்ளைதான். கூரைக்கு மேல் அவ்வளவு உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினோம். காற்று நன்றாக இருந்தால் இலங்கைகூட வரும். மறு வருடம் உலகக் கோப்பை வந்தது. என் மூத்தவனுக்கு அப்போது பதினாறு வயது. அவனும் டீமில் பாதிப் பேரும் என் வீட்டுக் கூடத்திலேயே குடியேறிவிட்டார்கள். ஆட்டம் மெக்சிகோவில், நமக்கு அது ராத்திரி. விடிந்து நான் கோலம் போட எழுந்தால் கூடம் முழுக்க நெல் மூட்டை அடுக்கியது போலப் பையன்கள் கிடப்பார்கள். தாண்டித்தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். எழுந்ததும் ஒரே பேச்சு, அர்ஜென்டினா, அர்ஜென்டினா. நாங்கள் ஜெயிச்சோம், நாங்கள் அடிச்சோம் என்பான்கள். இவன்கள் போய் அடித்துவிட்டு வந்த மாதிரி!

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் கொழுந்தனார் கூடத்துக்கு வந்தார். முதல்நாள் ஆட்டத்திலிருந்து கொஞ்சம் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் டிவி பார்த்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். அர்ஜென்டினாவின் பத்தாம் நம்பர்காரன் நாலைந்து பேரைத் தாண்டிக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே தள்ளினான். பையன்கள் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். இவர், "நல்லாத்தான் ஆடுறான்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம் என் பிள்ளை.

"இதான் சித்தப்பா ஃபுட்பாலு. நம்ம ஆடுறதெல்லாம் வயல்ல மாடு முடுக்குற வேல" என்றான்.

மொத்தக் கூடமும் சிரித்தது. அவர் வயல், அவர் விட்ட உளுந்து, அவர் வாங்கிப் போட்ட பந்து, அவர் முதுகில் ஏறி மைதானம் போன பிள்ளை. என் கையிலிருந்த காபி டம்ளரை நான் கீழே வைத்துவிட்டேன். அவர் எழுந்தார், துண்டை உதறினார்.

"இருக்கட்டும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுரக்குடி ஆட்டம், எங்கள் ஊரில். மதியத்துக்கு மேல் சுரக்குடிக்காரர்கள் சைக்கிளில் வரிசையாக வந்து இறங்கினார்கள். கூடத்தில் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் என் பிள்ளையை உலுக்கினேன். "போம்மா, ராத்திரி மேட்ச் இருக்கு" என்று புரண்டு படுத்தான். கொழுந்தனார் வாசற்படியில் வந்து நின்று பார்த்தார்.

"தண்ணி தெளிச்சி எழுப்பவா தம்பி?" என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆடினார். அதில் இரண்டு பேர் அந்த வருடம்தான் முதன்முதலாக அருவாள் பிடித்த சின்னப் பிள்ளைகள். சுரக்குடிக்காரர்கள், "ஒங்க ஊரு ஆம்பளைங்கள்லாம் எங்கங்க? மெக்சிகோ போயிட்டாங்களா?" என்று கேட்டுக் கேட்டுக் கோல் போட்டார்களாம். எத்தனை கோல் என்று அவர் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. ராத்திரி சாப்பிட்டார், படுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அமைதியைப் பார்த்து, "சித்தப்பா மறந்துட்டாரு" என்றான் என் மகன். மறந்துவிட்டாராம்! ஒரு கன்னத்துச் சவரத்தை மறக்காத மனுஷர்!

மறு வருடம் மாசி வந்தது. ஒரு காலையில் அருவாளைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தெற்குவெளிக்கு எதற்குச் சைக்கிள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. வெயில் ஏறுகிற நேரத்துக்கு என் பிள்ளை ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"அம்மா, சித்தப்பா சுரக்குடி வயல்ல தாள் அறுக்குறாரும்மா!"

அவர் திரும்பி வருவதற்குள் டீம் முழுவதும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. சைக்கிளை நிறுத்தி அருவாளை அவிழ்த்தார். என் பிள்ளைதான் ஆரம்பித்தான்.

"எப்புடி சித்தப்பா நீங்க சுரக்குடிக்குப் போவலாம்? நம்ம ஊர விட்டுட்டு?"

"ஏன்டா, நீ அர்ஜென்டினாவுக்கு எந்த பஸ்ல போயி தாள் அறுத்துட்டு வந்த?"

அருவாளைக் கையில் வைத்துக்கொண்டே மேலே கேட்டார்.

"அந்த ஊரு கெழக்க இருக்கா மேக்க இருக்கான்னு தெரியுமாடா ஒனக்கு? அங்க ஒனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இருக்கா? அது ஒன் டீமா இருக்கலாம்னா, சுரக்குடி ஏன் என் டீமா இருக்கக்கூடாது? எனக்கு சைக்கிள் தூரம்டா." அருவாளைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

துரோகி என்று ஊரே பேசியது. என் வீட்டுக்காரர், "பந்து விஷயத்துல என்னை இழுக்காதே" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தெற்குவெளியில் அந்த வருடமும் அவர் உளுந்து தெளிக்கவில்லை. "அதான் எதிரியாயிட்டானுவளே, அப்புறம் ஏன் வயல சும்மா போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "அவனுவ ஆடுனாத்தான அண்ணி நான் ஜெயிக்க முடியும்?" என்றார்.

பையன்களுக்கு ரோஷம் வந்தது. புதுச் சட்டை தைத்துக்கொண்டு போய் சுரக்குடியை ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். அர்ஜென்டினா சட்டைதான் வேண்டும். டிவியில் பார்த்தது சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத்தானே? அதே மாதிரி துணி தேடிக் காரைக்கால் கடையெல்லாம் அலைந்து, சாம்பல் பட்டை போட்ட சட்டை தைத்துக்கொண்டு வந்தார்கள். கொழுந்தனார் எதிரிலேயே போட்டுப் பார்த்தார்கள். "சாம்பல் எடுப்பாத்தான்டா இருக்கு" என்று அவரும் தலையாட்டினார். பையன்கள் போன பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அது ஆகாச நீலம் அண்ணி. ஒங்க அண்ணன் கொண்டாந்த பொஸ்தவத்துல பாத்திருக்கேன்."

"அடப்பாவி மனுஷா, சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் சுரக்குடி."

சுரக்குடி மைதானத்தில் அந்தச் சட்டையைப் பார்த்ததும், "ஜெயில்லேருந்து வந்துட்டானுவடா" என்று வரப்பு முழுக்கச் சிரித்ததாம். அங்கே இவர் கோலுக்கு முன்னால் பேக்காக நின்றிருக்கிறார். எங்கள் பையன்கள் டிவியில் பார்த்த வித்தையெல்லாம் காட்டப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் சாய்ந்து தலைக்கு மேலே உதைப்பது, சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைப் பறிப்பது. வெடித்துக் கிடக்கிற வயலில் சறுக்கினால் என்ன ஆகும்? தொடைத் தோல் உரிந்தது. என் பிள்ளை பத்தாம் நம்பர்காரன் மாதிரி ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு இவர் எதிரே வந்திருக்கிறான். இவர் பந்தைப் பார்க்கவே இல்லையாம், நேராகத் தோளைக் கொடுத்தார் என்கிறார்கள். கையை ஊன்றி விழுந்தவனுக்கு மணிக்கட்டு உடைந்தது. ஆட்டமும் போயிற்று.

கட்டுப் போட்ட கையோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரும் வந்தார். நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"நீங்க மனுஷனா? பெத்த புள்ள மாதிரின்னு சொன்ன வாயி எங்க போச்சு? எவ்வளவு பெரிய பழிய தீத்துக்கிட்டீங்க! நல்லாருங்க!"

"ஆட்டத்துல குறுக்க வந்தான்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. சோறு போடுவேன். தட்டை நகர்த்திவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர் குழம்புக்குக் கையைக் காட்டினால் மோரை ஊற்றுவேன். ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் அவர் பங்கைத் தனியாக எடுத்து வைப்பேன். அவரும் ஒரு நாள்கூட உப்பு கேட்கவில்லை. கேட்டால் நான் ஜெயித்ததாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் இது என்றால் வெளியே வேறு நடந்தது. கட்டு அவிழ்த்த நாளிலிருந்து என் பிள்ளை விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட ஆரம்பித்தான். மற்றவன்களும் வந்தார்கள். டிவியில் எவனோ எங்கேயோ ஆடிக்கொண்டிருப்பான், பார்க்க ஆளிருக்காது. "சித்தப்பன விடக்கூடாதுடா" என்பதுதான் அவன்களுக்குக் காலை, மாலைப் பேச்சு. பத்தாம் நம்பர்காரன் படம் என் கூடத்துச் சுவரில் ஒட்டடை பிடித்தது. சாம்பல் சட்டைகளைக் கரித்துணியாக என்னிடம் போட்டார்கள். நான் சும்மா இருக்கவில்லை. தினம் முட்டை அவித்துக் கொடுத்தேன். ஒருத்தன் சோம்பல்பட்டு டிவி பக்கம் வந்து உட்கார்ந்தால் கரண்ட் இல்லை என்று விரட்டினேன். எனக்கும் அந்த மனுஷர் தோற்றுப்போவதைப் பார்க்க வேண்டும். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

மாசியில் தெற்குவெளியில் தாள் அறுத்தார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருவாள் எடுக்கவில்லை. சுரக்குடியில் அறுத்தாகிவிட்டதே. "அந்த மூலையில தாள் நிக்குதுடா" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னார். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடத்துக் கடைசி ஆட்டத்துக்கு நானும் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊர் ஆட்டத்துக்குப் போனதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். எங்கள் பையன்கள் வெறும் வெள்ளை பனியனில் இருந்தார்கள். எதிரே சுரக்குடியின் சிவப்புச் சட்டையில் இவர், நாற்பதைத் தொட்ட உடம்பு. அந்த வயலில் எந்த இடத்தில் பந்து எப்படித் துள்ளும் என்று அவருக்குத் தெரியும், அதனால் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் என் பிள்ளைக்குப் பந்து கிடைத்தது. வித்தை ஒன்றும் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். இவரும் பக்கத்திலேயே ஓடினார். கால் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் இவர் நீட்டிய காலை மிதித்துக்கொண்டு போய்க் கோல் போட்டான்.

நான் குடையைத் தூக்கிப் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது.

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் என் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். வேண்டுமென்றே அவர் நின்ற வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஊர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். குரும்பகரம் என்ற பெயரை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கொழுந்தனார் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே கிழிந்த இடத்தைக் கழுவினார். ஒரு வருடமாக நாக்கின் நுனியில் வைத்திருந்ததை நான் கேட்டேன்.

"என்ன தம்பி, எப்புடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றார். கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்றினார். "ஆனா இன்னும் ஆறல."

"இன்னும் என்ன ஆறல? சட்டையப் போட்டு சிரிக்க வச்சீங்க, புள்ள கைய ஒடச்சீங்க. இன்னும் என்ன பாக்கி?"

"அன்னிக்கு அஞ்சு பேர வச்சிக்கிட்டு நின்னேன்ல. ஒவ்வொரு தடவ பந்து உள்ள போவும்போதும் ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்தேன் அண்ணி. எவனாச்சும் கண்ண கசக்கிக்கிட்டு வரானான்னு. எல்லாரும் வர வேணாம். ஒங்க புள்ள ஒருத்தன் வந்திருந்தா போதும். சுரக்குடிக்காரன் முன்னாடி அப்புடி ரோட்டப் பாக்க வச்சானுவ பாருங்க, அது ஆறல. அடுத்த வருஷமும் நான் சுரக்குடிக்குத்தான் தாள் அறுப்பேன்."

நான் பதில் சொல்வதற்குள் கொல்லைப்புற வாசலில் என் பிள்ளை வந்து நின்றான். எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. முகத்தில் இன்னும் மைதானத்து மண் இருந்தது. அவரைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னான்.

"அறுக்கட்டும்மா. வெளியூர் ஆளுதானே, அவங்க ஊருக்கே ஆடட்டும். அவங்க ஊர்க்காரங்க ரோட்டுல சைக்கிளோட நிக்கிறாங்க, அவரக் கூப்புடுறாங்க."

அவர் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. அந்த வீட்டில் பிறந்தவர், அந்தக் கிணற்றை அவர் அப்பா வெட்டினார். நான் ஒரு வருடம் உப்பில்லாமல் போட்டும் அசையாத முகம் அன்றைக்குத்தான் உடைந்தது. பொய் சொல்ல மாட்டேன், நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த முகத்தைத்தான். பார்த்த பிறகு அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"சாப்டுட்டுப் போங்க தம்பி" என்றேன்.

"அங்க பசங்க சாப்புடாம நிப்பானுவ அண்ணி" என்றார். ஈரக்காலோடு சிவப்புச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, தோற்ற தன் டீமோடு சுரக்குடிக்குக் கிளம்பிப் போனார்.